ஒரு மில்லிமீட்டரின் விலை
.22 தோட்டாவைவிட வேகமான, புதிய சிறு தோட்டாக்கள் வந்துவிட்டன. ஆனாலும் 50 மீட்டர் போட்டியில் 1887-ம் ஆண்டின் தோட்டாவே ஆட்சி செய்கிறது. இந்திய வீரர்களின் கவலை எந்த ரகம் என்பதல்ல, எந்தப் பெட்டி என்பது.

2024 ஜூலை 31. பாரிஸ் ஒலிம்பிக்ஸின் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் தலைநகரிலிருந்து வெகு தொலைவில், ஷாத்தோரூ என்ற சிறு நகரில் நடந்துகொண்டிருந்தன. ஆண்களுக்கான 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் இரண்டு இந்தியர்கள். மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20 என்று ஆளுக்கு 60 குண்டுகள். மொத்தம் 600 புள்ளிகளுக்கு ஸ்வப்னில் குசாலே எடுத்தது 590. ஐஸ்வரி பிரதாப் சிங் தோமர் எடுத்தது 589. முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்றில் இடம். குசாலே ஏழாவதாக உள்ளே போனார். தோமர் பதினோராவதாக வெளியே நின்றார்.

மறுநாள் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். இந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. கோலாப்பூர் மாவட்டத்தின் கம்பல்வாடி கிராமத்துக்காரர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் என்பதெல்லாம் அன்று மாலைக்குள் நாடு முழுவதும் தெரிந்துவிட்டது. தோமரைப் பற்றி யாரும் பேசவில்லை. 60 குண்டுகளில் ஒரே ஒரு குண்டு, ஒரு வளையம் உள்ளே தள்ளி விழுந்திருந்தால் அவரும் 590.

அந்த ஒரு வளையம் எவ்வளவு தூரம்? 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு என்று சொல்லலாம். அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே 8 மி.மீ. குண்டின் பருமன் 5.6 மி.மீ. அதன் ஓரம் வட்டத்தைத் தொட்டாலே பத்துதான். இறுதிச் சுற்றில் வளையத்தையும் பத்தாகப் பங்கிட்டு 10.1, 10.2 என்று 10.9 வரை கணக்கிடுகிறார்கள். ஆக, 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், இந்த விளையாட்டில் தோட்டாவைப் பற்றி ஏன் இவ்வளவு விவாதம் நடக்கிறது என்பது புரியும்.

பேசப்படும் தோட்டாக்கள் எல்லாமே ரிம்ஃபயர் வகை. ராணுவ ரைஃபிளின் தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவே தீ மூட்டும் மருந்துக் குமிழ் இருக்கும். ரிம்ஃபயரில் அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு மடிப்புக்குள்ளேயே மருந்து பரவியிருக்கும்; ஊசி விளிம்பில் எங்கே தட்டினாலும் பற்றிக்கொள்ளும். செய்வது சுலபம், விலை மலிவு. பலவீனமும் அங்கேதான். மருந்து விளிம்பைச் சுற்றி ஒரே சீராகப் பரவவில்லை என்றால் ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு வேகத்தில் கிளம்பும். தவிர, சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்ப முடியாது. பெரிய ரைஃபிள்களில் சுடுகிறவர்கள் வீட்டிலேயே தராசு வைத்து மருந்தை நிறுத்துத் தமக்கு வேண்டியபடி தோட்டா செய்துகொள்வார்கள். ரிம்ஃபயர்காரருக்கு அந்த வசதி இல்லை. தொழிற்சாலை தந்ததுதான் கதி.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .22 ஷார்ட். 1887-ல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் .22 லாங் ரைஃபிளைக் கொண்டுவந்தது. உலகெங்கும் பயிற்சிக்கும் போட்டிக்கும் பயன்படுவது இதுதான். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 25 மீட்டர் வரிசையில் வயிறு தரையில் பட, தோளில் இடித்தும் இடிக்காமலும் வெடித்த அந்தத் துப்பாக்கியின் தோட்டாவும் .22 தான். ஒலிம்பிக் மேடைக்குப் போவதும் அளவில் அதே தோட்டாதான். தரத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

வேகத்தை விரும்பியவர்களுக்காக 1959-ல் .22 மேக்னம் வந்தது. 2002-ல் ஹார்னடி நிறுவனம் அந்த மேக்னம் கூட்டின் கழுத்தை நெரித்து, உள்ளே மெல்லிய குண்டைப் பொருத்தி .17 எச்.எம்.ஆர். என்று விற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, லாங் ரைஃபிள் வகைக் கூட்டின் கழுத்தையும் அதே போலக் குறுக்கி .17 மாக் 2 வந்தது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இவற்றைக் கொண்டாடினார்கள். காரணம் இருந்தது. லாங் ரைஃபிள் போட்டித் தோட்டாவின் ஈயக் குண்டு 2.6 கிராம், வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் போகும். எச்.எம்.ஆர். குண்டு வெறும் 1.1 கிராம், போவதோ வினாடிக்குச் சுமார் 775 மீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல்.

இதனால் என்ன லாபம்? குழாயை மட்டமாகப் பிடித்துச் சுட்டால், 50 மீட்டரைக் கடப்பதற்குள் லாங் ரைஃபிள் குண்டு சுமார் 12 செ.மீ. கீழே இறங்கியிருக்கும். எச்.எம்.ஆர். குண்டு இறங்குவது இரண்டு செ.மீ. சொச்சம். இறக்கத்தைக் குறிகாட்டியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம், அது பிரச்சினையே அல்ல. பிரச்சினை, தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறுவது. லாங் ரைஃபிளில் ஒரு தோட்டா மற்றதைவிட வினாடிக்கு ஐந்தே மீட்டர் மெதுவாகக் கிளம்பினால் இலக்கில் கிட்டத்தட்ட 4 மி.மீ. தாழ்ந்து விழும். அதாவது அரைப் புள்ளி. சுட்டவர் மீது ஒரு தப்பும் இல்லை. எச்.எம்.ஆரில் அதே விகித வேக மாறுதல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தவறாக முடிந்துவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஊசி தட்டிய பிறகு லாங் ரைஃபிள் குண்டு குழாயை விட்டு வெளியே வர ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு ஆகிறது. அதற்குள் தோள் அசைந்தால் குழாயும் அசையும். வேகமான குண்டு சீக்கிரம் வெளியேறிவிடும். மெதுவான குண்டைச் சுடுகிறவர், விசையை இழுத்த பிறகும் மூச்சை அடக்கிச் சிலைபோல இருக்கப் பழக வேண்டும். பயிற்சியாளர்கள் பிள்ளைகளை .22-ல் பழக்க விரும்புவதற்கு இதுவும் காரணம். அது தவறை மன்னிக்காது.

காற்று விஷயத்தில்தான் கதை சுவாரசியமாகிறது. வேகமாகப் போகும் குண்டைக் காற்று குறைவாகத் தள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்கு வேறு மாதிரி. குண்டு எவ்வளவு நேரம் பறக்கிறது என்பதைவிட, காற்றின் எதிர்ப்பால் அது எவ்வளவு தாமதப்படுகிறது என்பதே பக்கவாட்டு விலகலைத் தீர்மானிக்கிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டிய குண்டுக்கு எதிர்ப்பு சட்டென்று எகிறுகிறது. அதனால்தான் கடைகளில் 'ஹை வெலாசிட்டி' என்று விற்கும் .22 தோட்டா, வினாடிக்கு 380 மீட்டர் போனாலும், 330 மீட்டர் போகும் போட்டித் தோட்டாவைவிட அதிகமாகக் காற்றில் ஒதுங்குகிறது. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் மெல்லிய காற்றில் (கன்னத்தில் பட்டால்தான் தெரியும்) போட்டித் தோட்டா 50 மீட்டரில் ஐந்து, ஆறு மி.மீ. நகரும்; ஹை வெலாசிட்டி ஒன்றரை மடங்கு நகரும். அத்தனை வேகம் கொண்ட எச்.எம்.ஆர். கூடப் போட்டித் தோட்டாவைவிட ஒன்றிரண்டு மி.மீ.தான் தேவலை. மேக்னமுக்கு அதுவும் இல்லை.

ஹை வெலாசிட்டிக்கு வேறொரு வியாதியும் உண்டு. ஒலிவேகத்துக்கு மேலே கிளம்பி, இலக்கை நெருங்கும்போது அதற்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும் குண்டு தள்ளாடும். போட்டித் தோட்டாவை ஒலிவேகத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தியிருப்பது இதற்காகத்தான். ஆனால் ஒலிவேகம் எங்கும் ஒன்றல்ல. மே மாத டெல்லியில் 40 டிகிரி வெயிலில் அது வினாடிக்கு 355 மீட்டர். ஜனவரி காலை ஐந்து டிகிரியில் 334 தான். அதே தோட்டா, அதே ரைஃபிள். குளிரில் எல்லைக்கோட்டின் மிக அருகே பறக்கிறது. மருந்தும் குளிரில் மந்தமாக எரியும். 1982 ஆசிய விளையாட்டுக்காகத் துக்ளகாபாதில் கட்டப்பட்ட கர்னி சிங் அரங்கில் கோடையில் தேர்ந்தெடுத்த தோட்டா குளிர்காலத்தில் வேறு குணம் காட்டினால் துப்பாக்கியைச் சந்தேகிப்பதில் பயனில்லை.

இத்தனை அனுகூலங்கள் இருந்தும் .17 ஏன் ஒலிம்பிக்கில் இல்லை? முதல் பதில், சட்டம். சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனம் 50 மீட்டர் ரைஃபிளுக்கு 5.6 மி.மீ. லாங் ரைஃபிள் தோட்டாவைத் தவிர எதையும் அனுமதிப்பதில்லை. குண்டும் ஈயம் அல்லது அது போன்ற மெத்தென்ற உலோகமாக இருக்க வேண்டும். .17-ன் குண்டுக்குச் செம்புக் கவசம் உண்டு. அந்த வேகத்தில் அது குண்டுத் தடுப்பையும் குழாயையும் படுத்தும் பாடு வேறு, சத்தமும் அதிகம். இரண்டாவது பதில், சட்டமே இல்லாவிட்டாலும் நிலைமை பெரிதாக மாறியிருக்காது என்பது. சாதாரண .22-ஐயும் எச்.எம்.ஆரையும் 100 மீட்டரில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் எச்.எம்.ஆர். ஜெயிக்கும். ஆனால் 50 மீட்டரில், பிரிட்டனின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யு.எஸ்., ஃபின்லாந்தின் லாப்புவா போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இழைத்து இழைத்துச் செய்யும் உயர்ரக .22-ஐ நல்ல குழாயில் வைத்துச் சுட்டால் அதை அசைப்பது கஷ்டம். .17-க்கோ மேக்னமுக்கோ அந்த அளவுக்கு உழைத்தவர் இல்லை. தோட்டாவின் வடிவத்தில் தோற்ற லாங் ரைஃபிள், தயாரிப்பின் ஒழுங்கில் ஜெயித்துவிட்டது.

சட்டம் தோட்டாவை மாற்றிய கதையும் ஒன்று உண்டு. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் 2004 வரை, உதை மிகக் குறைவு என்பதால், .22 ஷார்ட் பயன்பட்டது. 2005 முதல் லாங் ரைஃபிள் கட்டாயமானது. அதற்கேற்ப அமைந்த துப்பாக்கிகள் அத்தனையும் ஒரே நாளில் காட்சிப் பொருள்களாயின. புதிய தோட்டாவில் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2012 லண்டனில் இந்தப் பிரிவில் வெள்ளி வென்றவர் இந்திய ராணுவத்தின் விஜய் குமார்.

ரகம் ஒன்றாகிவிட்டதால் போட்டி இப்போது பெட்டிக்குள் போய்விட்டது. தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில், ஒரே மருந்தில் ஒரே ஓட்டத்தில் தயாராகும் தோட்டாக்களுக்கு ஒரு லாட் எண் தருகிறார்கள். அடுத்த எண்ணில் மருந்தின் ஈரப்பதமோ மெழுகின் அளவோ இம்மியளவு மாறியிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், ஒரு வீரரின் குழாயில் பத்தையே துளைக்கும் லாட், பக்கத்து வீரரின் குழாயில் சிதறும். இரண்டும் ஒரே கம்பெனி ரைஃபிளாக இருக்கும். ஏன் என்பதற்கு முழுமையான விளக்கம் கிடையாது; சுட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

எனவே பணக்கார நாட்டு வீரர்கள் தங்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கே போகிறார்கள். ஜெர்மனியின் ஷோனபெக்கிலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அருகிலும் இதற்கென்றே காற்றில்லாத 50 மீட்டர் கூடங்கள் இருக்கின்றன. ரைஃபிளை இரும்புப் பிடியில் பூட்டி, மனிதக் கையே படாமல் ஒவ்வொரு லாட்டிலும் வரிசையாகச் சுடுகிறார்கள். நான்கைந்து பத்துக் குண்டுத் தொகுதிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கம்ப்யூட்டர் காட்டும். குண்டுகளின் மையங்கள் 16 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால், கொள்கை அளவில் எல்லாமே பத்து. தேறிய லாட்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி, அடுத்த பெரிய போட்டி வரை பூட்டி வைக்கிறார்கள். உலக சாம்பியன்ஷிப்புக்கு ஒரு லாட், பயிற்சிக்கு வேறு என்று பிரித்து வைப்பதும் உண்டு.

இந்திய வீரருக்கு இந்த வேலை அவ்வளவு எளிதல்ல. ரைஃபிள், தோட்டா இரண்டுமே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருகின்றன. இறக்குமதிக்கு வெளிநாட்டு வர்த்தகத் துறை, உள்துறை, சுங்கம், தேசிய ரைஃபிள் சங்கம் என்று பல வாசல்கள். 'புகழ்பெற்ற சுடுநர்' என்ற தகுதி வந்தால்தான் பல கதவுகள் திறக்கும். அந்தத் தகுதியைப் பெறுவதற்கே நல்ல தோட்டா வேண்டும் என்பது இதில் உள்ள முரண். வீரர்கள் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி, தோட்டா வரம்புகளை உள்துறை அமைச்சகம் 2020-ல் உயர்த்தியது. இருந்தாலும் காகிதம் நகரும் வேகம் ஒன்று, லாட் விற்றுத் தீரும் வேகம் வேறு. உள்நாட்டில் இஷாப்பூர் தொழிற்சாலையின் .22 ரைஃபிள்கள் உண்டு. பழகுவதற்கு அவை போதும். சர்வதேசப் பதக்கத்துக்கு அதை நம்பி யாரும் போவதில்லை.

காற்றுத் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பத்து மீட்டர் போட்டிக்கான ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. குண்டு மலிவு. மொட்டை மாடியிலும் பழகலாம். அபினவ் பிந்த்ரா தம் வீட்டு வளாகத்திலேயே அரங்கு வைத்துப் பழகினார். 2008-ல் அவருடைய தங்கம், 2012-ல் ககன் நாரங்கின் வெண்கலம், கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனின் உலகக் கோப்பைத் தங்கங்கள் எல்லாம் பத்து மீட்டரில் வந்தவை. 50 மீட்டர் ரைஃபிளில் ஒலிம்பிக் பதக்கம் 2024 வரை காத்திருந்ததற்கு இந்தியர்களின் கண்ணிலோ கையிலோ குறை இருந்திருக்க முடியாது.

விதிவிலக்கு கோலாப்பூர். மல்யுத்தக் கூடங்களுக்கும் செருப்புக்கும் பேர்போன இந்த ஊர், .22-க்கும் ஊராகிவிட்டது. 2010-ல் மியூனிக் உலக சாம்பியன்ஷிப்பில் 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் 597 புள்ளி எடுத்து, அன்றைய உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்ற தேஜஸ்வினி சாவந்த் இந்த ஊர்க்காரர். துப்பாக்கிச் சுடுதலில் உலக சாம்பியனான முதல் இந்தியப் பெண் அவர். 2018 ஆசிய விளையாட்டில் 25 மீட்டர் பிஸ்டலில் தங்கம் வென்ற ராஹி சர்னோபத்தும் இந்த ஊரே. அந்தப் பிஸ்டலின் தோட்டாவும் .22 லாங் ரைஃபிள். குசாலே மூன்றாமவர். ஆசிரியரான அவருடைய தந்தை மகனுக்குத் தோட்டா வாங்கக் கடன் எடுத்தது வெண்கலத்துக்குப் பிறகு செய்தியானது. தோட்டா வீடுகளில் வரவு செலவுக் கணக்கில் ஏறும் பொருள் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

தோட்டா மட்டுமே பதக்கம் தந்துவிடும் என்பதும் இல்லை. ஃபரீத்கோட்டின் சிஃப்த் கவுர் சாம்ரா டாக்டர் படிப்பை விட்டுவிட்டு ரைஃபிளைப் பிடித்தவர். 2023 செப்டம்பரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் 469.6 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றார். பத்தே மாதத்தில் ஷாத்தோரூவில் தகுதிச் சுற்றில் 31-வது இடம். நல்ல லாட், நல்ல குழாய், நல்ல நாள் மூன்றும் ஒரே நேரத்தில் வாய்க்க வேண்டும். கடைசியானதை எந்தத் தொழிற்சாலையும் விற்பதில்லை.

நல்ல நாளும் போதாமல் போனவர் ஜாய்தீப் கர்மாகர். 2012 லண்டனில் படுத்துச் சுடும் பிரிவின் இறுதிச் சுற்றுக்கு வந்த இந்த வங்காளி 699.1 எடுத்து நான்காவதாக முடித்தார். வெண்கலம் வென்ற ஸ்லோவேனியாவின் 49 வயது ரய்மாண்ட் டெபவெட்ஸ் எடுத்தது 701.0. இடைவெளி 1.9 புள்ளி. இறுதிச் சுற்றின் பத்துக் குண்டுகளில் பங்கிட்டால் குண்டுக்கு ஒன்றரை மி.மீ. அவருக்கு இன்னொரு வாய்ப்பு வரவில்லை. ரியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு அந்தப் பிரிவையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தோமருக்கு வாய்ப்பு வந்தது. மத்தியப் பிரதேசத்தின் கர்கோன் மாவட்டத்து விவசாயக் கிராமத்திலிருந்து போபால் அகாதெமிக்கு வந்து பழகியவர் அவர். 2025 நவம்பரில் கெய்ரோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் இறுதிச் சுற்றில், பாரிஸில் தங்கம் வென்ற சீனாவின் லியு யூகுனுடன் கடைசிக் குண்டு வரை மல்லுக்கு நின்றார். லியு 467.1. தோமர் 466.9. வெள்ளி. வித்தியாசம் 0.2 புள்ளி, இலக்கில் 1.6 மி.மீ.